மன்னர், தளபதி சிலைகள் எந்த நாட்டில் பார்த்தாலும் ஒரே மாதிரி இருப்பது ஏன்?

குதிரை, மார்புக் கவசம், முன்னால் நீட்டிய வலது கை. ஊர் எதுவானாலும் இந்த மூன்றில் ஒன்றாவது இருக்கிறதே என்று கேட்டிருக்கிறீர்கள். பெரும்பாலும் ரோமப் பேரரசர்களின் கைங்கரியம்தான் அது. அதிலும் முதல் ஆள் அகஸ்டஸ்.

வாட்டிகன் அருங்காட்சியகத்தில் அவருடைய பளிங்குச் சிலை ஒன்று இருக்கிறது. 1863இல் ரோமுக்கு அருகே பிரிமா போர்ட்டாவில், அவர் மனைவி லிவியாவின் மாளிகை இருந்த இடத்தில் கிடைத்தது. ஆளுயரத்தைவிடப் பெரியது, படையைப் பார்த்துப் பேசுவதுபோலக் கையைத் தூக்கி நிற்கிறார். நிதானமாகப் பார்த்தால்தான் உள்வேலை தெரியும். கவசத்தின் நடுவே ஒரு பார்த்தியர் (ரோமுக்குக் கிழக்கே, இன்றைய ஈரான் பக்கம் ஆண்ட எதிரிப் பேரரசைச் சேர்ந்தவர்) ரோமப் படைச் சின்னத்தைத் திருப்பிக் கொடுக்கிறார். கி.மு. 53இல் ரோமர்கள் தோற்றுப் பறிகொடுத்தவை, கி.மு. 20இல் திரும்பி வந்தன. சண்டை போட்டு மீட்டதல்ல, பேசி வாங்கியது. சிலையைப் பார்த்தால் அப்படியா தெரிகிறது? அப்புறம் பாதங்களைப் பாருங்கள். மேலே முழுப் போர்க்கோலம், கீழே வெறுங்கால். செருப்பில்லாமல் நிற்பது தெய்வங்களுக்கும் புராண வீரர்களுக்கும் உரியது. காலருகே டால்பின் மேல் ஒரு குட்டி க்யூபிட், வீனஸ் தேவியின் மகன். எங்கள் குலம் அந்த வீனஸின் வழி வந்தது என்று குடும்பப் பெருமை பேசியாயிற்று. பளிங்குக் கால் முறியாமல் இருக்க ஒரு முட்டும் கொடுத்தாயிற்று.

கி.பி. 14இல் இறந்தபோது அகஸ்டஸுக்கு 75 வயது. சிலைகளில் மட்டும் கடைசிவரை வாலிபர். நெற்றியில் முடிக்கற்றைகள் கவட்டைபோலப் பிரிந்து விழுவதை வைத்தே இன்றும் அவரை அடையாளம் காண்கிறார்கள். அவர் நிஜத்தில் எப்படி இருந்தார் என்பது யாருக்கும் முக்கியமாக இருக்கவில்லை என்றே எனக்குத் தோன்றும்.

தலையைத் தனியாகச் செதுக்கி உடலில் பொருத்துவதும் ரோமில் சாதாரணம். ஒரு மாகாண ஆளுநர் அகஸ்டஸ் சிலையின் தலையை எடுத்துவிட்டு அதில் அடுத்த பேரரசர் டைபீரியஸின் தலையை வைத்ததாக வழக்கே நடந்ததை ரோம வரலாற்றாசிரியர் டாசிட்டஸ் எழுதியிருக்கிறார். பேரரசர் நீரோ இறந்த பிறகு அவருடைய முகங்கள் பலவற்றை, பின்னால் பேரரசரான வெஸ்பேசியனாகச் செதுக்கி மாற்றினார்கள். முகம் ஆளுடையது, உடம்பு பதவியுடையது என்று வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் வந்த ஐரோப்பிய அரசர்கள் எடுத்துக்கொண்டது அந்த உடம்பைத்தான்.

குதிரைக்குக் காரணம் இன்னொரு ரோமப் பேரரசர், மார்க்கஸ் அரேலியஸ். அவருடைய வெண்கலக் குதிரைச் சிலை, 4 மீட்டருக்கு மேல் உயரம், இன்றுவரை தப்பியிருப்பதே ஓர் ஆள்மாறாட்டத்தால்தான். இடைக்காலத்தில் அது முதல் கிறிஸ்தவப் பேரரசரான கான்ஸ்டன்டைன் என்று நம்பினார்கள், அதனால் உருக்காமல் விட்டார்கள். மற்ற பேரரசர்களின் வெண்கலம் பெரும்பாலும் உலைக்குப் போய்விட்டது. ஆக, ஐரோப்பியச் சிற்பிகள் பார்த்துப் படிக்க ரோமில் மிஞ்சியது இந்த ஒன்றுதான். 1453இல் இத்தாலியச் சிற்பி டொனாடெல்லோ பாதுவா நகரில் கட்டமெலாட்டாவின் குதிரைச் சிலையை நிறுத்தினார். கட்டமெலாட்டா அரசரல்ல, வெனிஸுக்காகச் சம்பளத்துக்குப் போரிட்ட தளபதி! பேரரசர்களுக்கு இருந்த மரியாதை அதோடு மற்றவர்களுக்கும் இறங்கி வந்தது. 1538இல் மார்க்கஸ் அரேலியஸ் சிலையை கேபிடோலின் குன்றுக்கு மாற்றினார்கள். இப்போது சதுக்கத்தில் நிற்பது நகல், அசல் அருங்காட்சியகத்துக்குள் இருக்கிறது.

அந்தச் சிலையில் அங்கவடி, அதாவது குதிரைமேல் இருப்பவர் கால் வைக்கும் வளையம், கிடையாது. ரோமர்களுக்கு அங்கவடியே தெரியாது. சென்னைக்காரர்களுக்கு இங்கே ஒன்று ஞாபகம் வரும்: தீவுத்திடல் பக்கம் 1839இல் வைத்த தாமஸ் மன்றோ சிலையிலும் அங்கவடி இல்லை, சேணமும் இல்லை. சிற்பி மறந்துவிட்டார் என்று ஊரில் ஒரு கதை உண்டு. மறக்கவெல்லாம் இல்லை. அதே சிற்பி, பிரான்சிஸ் சான்ட்ரி, லண்டன் டிரஃபால்கர் சதுக்கத்தில் நிற்கும் பிரிட்டிஷ் அரசர் நான்காம் ஜார்ஜையும் அப்படித்தான் உட்கார வைத்திருக்கிறார். இது அந்தப் பழைய ரோம பாணிதான் என்பது என் கணிப்பு.

எல்லோருக்கும் அந்த வேஷம் பொருந்தியது என்று சொல்ல முடியாது. 1699இல் பாரிஸில் வைத்த பதினான்காம் லூயியின் குதிரைச் சிலையில் ராஜாவுக்கு உடம்பெல்லாம் ரோமக் கவசம், தலையில் தோள்வரை புரளும் பிரெஞ்சு டோப்பா. பார்த்தவர்கள் சிரித்தார்களோ இல்லையோ, 1792இல் புரட்சிக்காரர்கள் உடைத்துப் போட்டார்கள்.

நெப்போலியன் கதை இன்னும் வேடிக்கை. இத்தாலியச் சிற்பி கனோவா அவரைப் போர்க்கடவுள் மார்ஸாக, 3 மீட்டருக்கு மேல் உயரத்தில், கிட்டத்தட்ட பிறந்த மேனியாகச் செதுக்கினார். 1811இல் பாரிஸ் வந்ததும் நெப்போலியன் பார்த்தார். யாருக்கும் காட்டக் கூடாது என்று மூடிவைக்கச் சொல்லிவிட்டார். கட்டுமஸ்தான அந்த உடம்பு தனக்கே ஒட்டவில்லை என்று அவருக்குப் பட்டிருக்கும். அவர் வீழ்ந்த பிறகு 1816இல் பிரிட்டிஷ் அரசு அதை விலைக்கு வாங்க, கடைசியில் அவரைத் தோற்கடித்த வெலிங்டனின் லண்டன் வீட்டு மாடிப்படிக்கு அடியில் போய் நின்றது. இன்றும் அங்கேதான்.

அமெரிக்கர்கள் இதையெல்லாம் தூக்கிப் போட்டிருப்பார்கள் என்று நினைப்போம். நியூயார்க்கில் பிரிட்டிஷ் ராஜா மூன்றாம் ஜார்ஜுக்கு மார்க்கஸ் அரேலியஸ் பாணியில் தங்கமுலாம் பூசிய ஈயக் குதிரைச் சிலை இருந்தது. 1776 ஜூலை 9 அன்று கூட்டம் அதைக் கயிறு கட்டி இழுத்துத் தள்ளியது. ஈயத்தை உருக்கித் துப்பாக்கிக் குண்டு வார்த்தார்கள். சரி, ராஜா ஒழிந்தார். அதே நாட்டு நாடாளுமன்றம் பிறகு ஜார்ஜ் வாஷிங்டனுக்குச் சிலை செய்யச் சொன்னது. 1841இல் வந்து இறங்கிய சிலையில் வாஷிங்டன் ரோமப் பேரரசர்கள் ஜூபிடராக உட்காரும் அதே தோரணையில், மேல்சட்டை இல்லாமல், இடுப்பில் துணியும் காலில் செருப்புமாக, ஒரு கையைத் தூக்கி உட்கார்ந்திருந்தார். கேலி தாங்காமல் இரண்டே வருடத்தில் கட்டடத்துக்குள்ளிருந்து வெளியே கொண்டுபோய் வைத்தார்கள். இப்போது வாஷிங்டன் நகரில் உள்ள தேசிய அமெரிக்க வரலாற்று அருங்காட்சியகத்தில் இருக்கிறது. போனால் பார்த்துவிட்டு வாருங்கள்.