சிட்டையின் அடிவரி முந்தியதா, வட்ஸ்அப் முந்தியதா?

கேள்வி: நிலாவெளியில் உல்லாசப் பயணிகளுக்கு ஃபெட் பைக் எனப்படும் அகன்ற டயர்ச் சைக்கிள்களை வாடகைக்கு விடுகிறேன். மூன்று வருடங்களாக டயர் எடுத்துவரும் கொழும்பு வர்த்தகர் ஒருவரிடம் பெப்ரவரி 11 ஆம் திகதி, 26 அங்குல ரிம்முக்குரிய 4 அங்குல டயர் 12, ஒன்று 16,000 ரூபாய்ப்படி, ஏப்ரல் இறுதிக்குள் தருவதாக வட்ஸ்அப்பில் பேசி முடித்தேன். மறுநாள் பாதிப் பணமான 96,000 ரூபாயை வங்கியில் வைப்பிலிட்டேன். மே தொடக்கத்தில் ஆறு டயர்கள் மட்டும் வந்தன. மிகுதிக்கு, டொலர் ஏறிவிட்டது, ஒன்றுக்கு 21,500 ரூபாய் வேண்டும் என்கிறார். வந்த ஆறும் அளந்து பார்த்தால் 4 அங்குலம் இல்லை. என் காசை விழுங்கிவிட்டுத் தொலைபேசியையும் எடுப்பதில்லை. மூன்று சைக்கிள்கள் சீசன் முழுவதும் சும்மா நின்றன. நாளொன்றுக்கு ஒரு சைக்கிள் 2,500 ரூபாய் உழைத்திருக்கும். மோசடி என்று பொலிஸில் முறைப்பாடு செய்து, சீசன் நட்டத்தையும் வாங்க முடியுமா?

பதில்: நீங்கள் அனுப்பிய நான்கு பக்கக் கடிதத்தில் அவர் பேசிய பேச்சும், உங்கள் மைத்துனர் முன்னிலையில் ஏற்பட்ட அவமானமும் நிறைய இடத்தைப் பிடித்திருக்கின்றன, அவற்றை ஒதுக்கிவைக்கிறேன். உங்கள் காசை அவர் விழுங்கவும் இல்லை. கொடுத்தது 96,000 ரூபாய். வந்த ஆறு டயர்களின் பெறுமதி, பேசிய விலைப்படி, அதே 96,000 ரூபாய். உங்கள் பணம் ஒரு சதமும் அவர் கையில் இல்லாதபோது மோசடி முறைப்பாட்டுடன் சென்றால், இது சிவில் பிணக்கு என்று சொல்லி உங்களைத் திருப்பி அனுப்புவார்கள்.

அகலக் குறையையும் விட்டுவிடுங்கள். டயரின் பக்கச் சுவரில் 26 × 4.0 என்று அச்சிடப்பட்டிருப்பது நீங்கள் அனுப்பிய படத்திலேயே தெரிகிறது. இவ்வகை டயரின் உண்மையான அகலம் அது ஏறும் ரிம்மின் அகலத்தைப் பொறுத்துக் கூடிக் குறையும் என்பதைத் தொழில் தெரிந்த நீங்கள் எனக்குச் சொல்லித்தர வேண்டும். அதைவிட முக்கியமாக, அவற்றைப் பூட்டி நான்கு மாதங்கள் வாடகைக்கு ஓட்டிவிட்டீர்கள். 1896 ஆம் ஆண்டின் பொருள் விற்பனைக் கட்டளைச்சட்டத்தின்படி, விற்றவரின் உரிமைக்கு ஒவ்வாத காரியம் எதையும் பொருளின்மீது செய்தவர் அதை ஏற்றுக்கொண்டவராகிறார். அதன் பின் பொருளைத் திருப்பிக் கொடுக்கும் பேச்சுக்கு இடமில்லை. பாவனையாளர் அலுவல்கள் அதிகாரசபைக்கு எழுதுவதற்கான மூன்று மாதக் காலமும் போய்விட்டது.

மிஞ்சுவது வராத ஆறு டயர்கள். அதில் சட்டத்துக்கு வேண்டியது ஒரேயொரு விடயம்: 16,000 ரூபாய் என்பது முடிந்த விலையா, மாறக்கூடிய விலையா? உங்கள் கடிதத்தில் நீங்கள் குறிப்பிடாத ஒன்றை இணைத்திருந்த சிட்டையின் படத்தில் கண்டேன். அதன் அடியில், பொடி எழுத்தில், ‘விலைகள் நாணயமாற்று விகிதத்துக்கேற்ப மாறக்கூடும்’ என்று அச்சிடப்பட்டிருக்கிறது. 2022 இல் ஒரு டொலர் 200 ரூபாயிலிருந்து சில மாதங்களில் 360 ரூபாய்க்கு ஏறிய பின்னர், இறக்குமதியாளர்களின் சிட்டைகளில் இவ்வரியை நான் அடிக்கடி பார்க்கிறேன். சிட்டையின் திகதி பெப்ரவரி 26. உங்கள் கேள்விக்கு அவர் ‘சரி, 16,000தான், கன்ஃபோம்’ என்று பதில் போட்டது 11 ஆம் திகதி. பணம் வைப்பிலிட்டது 12 ஆம் திகதி. ஒப்பந்தம் 11 ஆம் திகதியே முடிந்துவிட்டது. முடிந்த ஒப்பந்தத்துக்குள் இரண்டு வாரங்கள் கழித்து வந்த காகிதம் புதிய நிபந்தனையை நுழைக்க முடியாது. வட்ஸ்அப் செய்தி எழுத்தாகுமா என்ற பயம் வேண்டாம். 2006 ஆம் ஆண்டின் 19 ஆம் இலக்க இலத்திரனியல் கொடுக்கல் வாங்கல் சட்டம் அதைத் தீர்த்துவைத்திருக்கிறது. விலை ஏறிவிட்டது என்பது மட்டும் ஒரு விற்பனையாளரை அவர் வாக்கிலிருந்து விடுவிக்காது.

ஆனால் நீங்கள் சாதாரணமாக எழுதிய ‘மூன்று வருடங்களாக’ என்ற சொல்தான் என்னைச் சங்கடப்படுத்துகிறது. முந்திய வருடங்களில் அவர் தந்த சிட்டைகளிலும் இதே வரி இருந்து, நீங்கள் அவற்றை வாங்கி மடித்து வைத்துக்கொண்டு வியாபாரத்தைத் தொடர்ந்திருந்தால், இந்த நிபந்தனை உங்களுக்குத் தெரிந்ததே, உங்கள் இருவருக்கும் இடையிலான வழக்கமே என்று எதிர்த்தரப்புச் சட்டத்தரணி சொல்வார். அந்த வாதம் இலேசானதல்ல. பழைய சிட்டைகளைத் தேடி எடுத்துப் பாருங்கள். ஒன்றிலாவது விலை இடையில் மாறி, நீங்கள் மறுப்பின்றிக் கட்டியிருந்தால், வழக்கை மறந்துவிடுங்கள்.

சிட்டைகள் சுத்தமாக இருந்தாலும், என்னிடம் வந்த பலர் விழுந்த குழியில் நீங்களும் ஒரு காலை வைத்திருக்கிறீர்கள். மே 20 ஆம் திகதி நீங்கள் அனுப்பிய செய்தி: ‘மிச்சம் ஆறையும் முதலில் அனுப்புங்கோ அண்ணை, விலையைப் பிறகு பார்ப்பம்.’ நல்லெண்ணத்தில் எழுதியிருப்பீர்கள். நீதிமன்றத்தில் அதை வாசிக்கும்போது, விலை இன்னும் பேசித் தீர்க்கப்பட வேண்டியது என்று கொள்வனவாளரே ஒப்புக்கொண்டதாக அது ஒலிக்கும். அன்று எழுதியிருக்க வேண்டியது இதுதான்: பேசிய விலை 16,000 ரூபாய், இன்ன திகதிக்குள் தராவிட்டால் வேறிடத்தில் வாங்கி வித்தியாசத்தை உங்களிடம் அறவிடுவேன்.

வேறிடத்தில் வாங்குவது என்ற அந்தக் கடைசிப் பகுதியைச் செய்யாமல் காத்திருப்பவர்கள்தான் கடைசியில் வெறுங்கையுடன் போகிறார்கள். பொருளைத் தராதபோது கிடைக்கும் நட்டஈடு, அது கிடைக்கக்கூடிய சந்தை இருந்தால், பேசிய விலைக்கும் தந்திருக்க வேண்டிய நாளின் சந்தை விலைக்கும் உள்ள வித்தியாசமே. திருகோணமலைப் பிரதான வீதியில் சாதாரணச் சைக்கிள் டயர்தான் கிடைக்கும், கண்ணில் படும் அகன்ற டயரும் மின்சாரச் சைக்கிளுக்குரிய 20 அங்குலம், அதன் உள்விட்டம் 406 மில்லிமீற்றர், எங்களுடையது 559, பூட்டவே முடியாது என்று எழுதியிருக்கிறீர்கள். அத்தனையும் சரி. ஆனால் சந்தை என்பது எங்கள் ஊர்க் கடைத்தெரு மட்டுமல்ல. கொழும்பில் வேறு இருவரிடம் 21,500 ரூபாய்க்கு இருந்ததாக நீங்களே அடுத்த பக்கத்தில் எழுதுகிறீர்கள். அப்படியானால் கணக்கு இதுதான்: 5,500 ரூபாயை ஆறால் பெருக்க 33,000 ரூபாய். உங்கள் முழு வழக்கும் அவ்வளவே.

சீசன் நட்டத்தைக் கேட்பதற்கு, ஒப்பந்தம் செய்தபோதே அந்த நட்டம் அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். ‘சீசனுக்கு முதல் வேணும்’ என்று நீங்கள் எழுதியிருப்பது அதற்கு ஓரளவு உதவும். ஆயினும் நீதிபதி கேட்கப்போகும் கேள்வியை இப்போதே கேட்கிறேன்: மூன்று சைக்கிள்களும் நாளொன்றுக்கு 7,500 ரூபாய் உழைக்குமென்றால், 33,000 ரூபாயை மேலதிகமாகக் கொடுத்து வாங்கியிருந்தால் ஐந்து நாளில் அந்தக் காசு திரும்பி வந்திருக்குமே, ஏன் வாங்காமல் செப்டெம்பர் வரை நிறுத்தி வைத்தீர்கள்? நட்டத்தைக் குறைக்கக்கூடியவர் குறைக்காமல் இருந்தால், அதை மற்றவர் தலையில் கட்ட முடியாது. படகு இயந்திர உதிரிப்பாகத்துக்காக ஒரு சீசன் முழுவதும் கரையில் காத்திருந்த கட்சிக்காரர் ஒருவருக்கும் இதைத்தான் சொன்னேன்; அவர் கேட்கவில்லை, விலை வித்தியாசத்துக்கு மேல் அவருக்கு எதுவும் கிடைக்கவும் இல்லை.

கடிதத்தின் ஓரத்தில் நீங்கள் கேட்டிருந்த ஒன்றுக்கும் பதில் சொல்லிவிடுகிறேன். சும்மா நிற்கும் மூன்றுக்கும் 2.125 அங்குலச் சாதாரண டயரைப் பூட்டி ஓட்டலாமா என்கிறீர்கள். 80 மில்லிமீற்றர் ரிம்மில் அது ஒழுங்காகப் பிடித்திருக்காது. பயணி ஒருவர் விழுந்து கையை முறித்துக்கொண்டால், அப்போது பிரதிவாதி அந்த வர்த்தகர் அல்ல, நீங்கள். வாடகைப் படிவத்தில் ‘சொந்தப் பொறுப்பில்’ என்று கையொப்பம் வாங்கியிருப்பது தெரிந்தே செய்த கவனயீனத்திலிருந்து உங்களைக் காப்பாற்றும் என்று நம்பியிருக்காதீர்கள்.

ஆகவே சமாதானமாகப் போங்கள். இந்தத் தொகைக்கு, இணக்கம் ஏற்படவில்லை என்ற மத்தியஸ்த சபையின் சான்றிதழ் இல்லாமல் வழக்கிட முடியாது. அங்கே எப்படியும் உங்கள் இருவரையும் எதிரெதிரே இருத்திப் பாதிப்பாதியாகப் பிரிக்கத்தான் பார்ப்பார்கள். அதை நீங்களே முன்கூட்டிச் செய்யலாம். ஒரு டயருக்கு 18,750 ரூபாய் என்று கேளுங்கள். உங்களுக்கு மேலதிகச் செலவு 16,500 ரூபாய், சட்டத்தரணிக்கும் பயணத்துக்கும் ஆகும் செலவோடு ஒப்பிட்டால் அற்பம். மழைக்காலம் தொடங்குவதால் உங்களுக்கு அவசரமில்லை, அவருக்கோ சரக்குத் தேங்கிக் கிடக்கும். பேச இதுவே நல்ல நேரம். தொலைபேசியில் பேசாமல் எழுத்தில் கேளுங்கள். அந்தச் செய்தியில் விலை, ஒப்படைக்கும் கடைசித் திகதி, ரியூப் அடங்குமா இல்லையா, கொழும்பிலிருந்து வரும் லொறிக்கூலி யாருடையது என்ற நான்கும் இருக்கட்டும். அவற்றுக்கு அவருடைய பதில் வரும்வரை ஒரு சதமும் அனுப்பாதீர்கள்.