விக்கிப்பீடியாவில் உயிரோடு இருக்கும் ஒருவரைப் பற்றிப் பொய்யான தகவலைப் பார்த்தால் என்ன செய்ய வேண்டும்?

உடனே நீக்குங்கள். 'சான்று தேவை' என்ற குறிப்பை ஒட்டிவிட்டுக் காத்திருக்காதீர்கள். கோயில் கட்டிய ஆண்டில் சந்தேகம் என்றால் அந்த ஒட்டு சரி. ஒருவர் மேல் பழி போட்டிருந்தால் படிப்பவர் மனதில் பழிதான் நிற்கும், ஒட்டு நிற்காது.

நானும் அந்தத் தவறைச் செய்தவன். ஒரு நாடகக் கலைஞர் பண மோசடி செய்ததாக ஒரு வரி இருந்தது. சான்று கேட்டு ஒட்டிவிட்டு வேறு வேலைக்குப் போய்விட்டேன். சில வாரம் கழித்து வேறொரு தளம் அந்த வரியை அப்படியே எடுத்துப் போட்டிருந்தது. அந்தத் தளத்தையே சான்றாகக் காட்டி யாரோ என் ஒட்டை எடுத்தும் விட்டார்கள். அந்தக் கலைஞர் வீட்டில் அதைப் படித்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று இன்றும் உறுத்துகிறது.

அமெரிக்கப் பத்திரிகையாளர் ஜான் சீகன்தாலருக்கு 2005-இல் நடந்தது இதைவிடக் கொடுமை. அமெரிக்க அதிபர் ஜான் கென்னடி, அவர் தம்பி ராபர்ட் கென்னடி இருவரின் கொலையிலும் சீகன்தாலருக்கு நேரடித் தொடர்பு இருந்ததாகக் கொஞ்ச காலம் கருதப்பட்டது, எதுவும் நிரூபிக்கப்படவில்லை என்று பெயர் சொல்லாமல் ஒருவர் விக்கியில் எழுதிவிட்டார். அந்தக் கடைசி வால்தான் விஷம். நடுநிலை போலவே தெரியும். உண்மையில் அவர் ராபர்ட் கென்னடியிடம் உதவியாளராக இருந்தவர், ராபர்ட்டின் இறுதிச் சடங்கில் சவப்பெட்டியைச் சுமந்தவர். பொய் சுமார் நான்கு மாதம் அப்படியே கிடந்தது. சீகன்தாலர் இதைப் பத்திரிகையில் எழுதிய பிறகுதான், பதிவு செய்யாதவர்கள் ஆங்கில விக்கியில் புதுக் கட்டுரை தொடங்குவதை நிறுத்தினார்கள்.

நீக்கும்போது தொகுப்புச் சுருக்கத்தில் (என்ன மாற்றினோம் என்று எழுதும் சிறு குறிப்பில்) பொய்யைத் திரும்ப எழுதாதீர்கள். 'சான்றில்லாத குற்றச்சாட்டு நீக்கம்' போதும். மோசமான அவதூறு என்றால், பழைய பதிப்பு வரலாற்றிலும் தெரியாதபடி மறைக்க நிர்வாகியிடம் கேளுங்கள். அதை எல்லோரும் படிக்கும் பக்கத்தில் கேட்டால் கூட்டம்தான் கூடும், மின்னஞ்சல் நல்லது. நம்பகமான செய்தித்தாள் சான்றோடு இருக்கும் விமர்சனத்தை மட்டும், பிடிக்கவில்லை என்பதற்காக எடுக்கக் கூடாது.

எழுதப்பட்டது உங்களைப் பற்றியே என்றால், அப்பட்டமான பொய்யை நீங்களே எடுக்கலாம். மற்றதை அந்தக் கட்டுரையின் உரையாடல் பக்கத்தில், நீங்கள் யார் என்று சொல்லிக் கேளுங்கள்.

அப்புறம் அந்த வரியை அப்படியே கூகுளில் போட்டுத் தேடுங்கள். சீகன்தாலர் பற்றிய பொய், விக்கியில் எடுத்த பிறகும் அதை நகலெடுத்த தளங்களில் சில வாரம் இருந்தது. அந்தத் தளங்களுக்கும் தனித்தனியாக எழுத வேண்டியிருக்கும்.