சைனஸ் தலைவலியா, ஒற்றைத் தலைவலியா?

கேள்வி: மாதம் இரண்டு மூன்று முறை நெற்றியும் கன்னமும் கனத்து வலிக்கின்றன, மூக்கடைத்துக் கண்ணிலும் நீர் வடிகிறது. சைனஸ் மருந்துகள் பயனளிக்கவில்லை. என்ன காரணம்?

பதில்: மூக்கடைப்பை மட்டும் வைத்துச் சைனஸ் என்று முடிவுகட்ட இயலாது. முகத்தின் உணர்ச்சிகளைக் கடத்தும் நரம்பு ஒற்றைத் தலைவலியின்போது தூண்டப்படுவதால், மூக்கின் உட்சவ்வு வீங்கி, தெளிந்த நீர் ஒழுகுவதுண்டு. அமெரிக்காவில் 2004இல் வெளியான ஆய்வொன்றில், சைனஸ் தலைவலி என்று கருதப்பட்ட ஏறத்தாழ 3,000 பேரில் 88 சதவீதத்தினருக்கு இருந்தது ஒற்றைத் தலைவலி வகையே.

சைனஸ் அழற்சியில் சளி கெட்டியாக, மஞ்சளாகவோ பச்சையாகவோ வரும், மோப்பம் குறையும், காய்ச்சலும் மேல்வரிசைப் பல்வலியும் சேரலாம், தொற்று தணிந்தால் வலியும் விலகிவிடும். குனிந்தால் வலி கூடுவதைப் பலர் பெரிய சான்றாகச் சொல்வார்கள். அது இரண்டிலும் நிகழும் என்பதால் நான் அதற்கு மதிப்புத் தருவதில்லை. குமட்டல் வருகிறதா, வெளிச்சமும் ஓசையும் பொறுக்க முடியாமல் இருட்டறையைத் தேடுகிறீர்களா, படியேறினாலே வலி கூடி, மருந்தில்லாவிட்டால் 4 முதல் 72 மணி நேரம் நீடிக்கிறதா என்று கவனியுங்கள். ஆம் எனில் அது ஒற்றைத் தலைவலியாக இருக்கலாம், நரம்பியல் மருத்துவரை அணுகுங்கள். வலிநிவாரணிகளை, அவற்றின் வகையைப் பொறுத்து, மாதத்தில் 10 அல்லது 15 நாள்களுக்கு மேல் விழுங்கினால் அவையே தலைவலியை வளர்க்கும். திடீரென உச்சமடையும் வலியோ, காய்ச்சலுடன் கழுத்து விறைப்போ, பார்வைக் குறைவோ ஏற்பட்டால் உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.