பேஸ் கிதார்: புதிதாகப் பழகுவோர் கேட்டவை

அண்ணாச்சி, கிதார் தெரியாத 12 வயதுப் பிள்ளை நேரே பேஸ் பழகலாமா? (வள்ளியூர்)

தாராளமாகப் பழகலாம். வாங்கும்போது 30 இஞ்ச் ஸ்கேல் (கம்பி அதிரும் நீளம்) கேளுங்கள். வழக்கமான 34 இஞ்சில் முதல் நான்கு ஃப்ரெட்டும் (கழுத்தின் குறுக்கே பதித்த உலோகக் கோடுகளுக்கு இடையிலான கட்டங்கள்) அகலம். சின்னக் கை எட்டாமல் மணிக்கட்டு வலிக்கும்.

ட்யூனர் ஆப் தடித்த கம்பியைப் பிடிக்க மாட்டேங்குது. (அம்பாசமுத்திரம்)

ஈ கம்பியின் சுருதி 41 ஹெர்ட்ஸ். போன் மைக்குக்கு அது ரொம்பத் தாழ்வு. 12-ஆம் ஃப்ரெட்டின் உலோகக் கோட்டுக்கு நேர் மேலே, ஈ கம்பியை விரலால் அழுத்தாமல் தொட்டு, மீட்டியதும் எடுத்துவிடுங்கள். மணிபோல ஒலிக்கும் 82 ஹெர்ட்ஸை ஆப் பிடித்துக்கொள்ளும்.

சர்ச் கொயரில் வாசிக்கச் சொல்லியிருக்கிறார்கள். எல்லாம் கலந்து இரைச்சலாகக் கேட்கிறது. (பாளையங்கோட்டை)

உயரக் கூரையுள்ள ஆலயத்தில் தாழ்ந்த ஸ்வரம் சீக்கிரம் அடங்காது. அதனால் எதை வாசிக்கிறோம் என்பதைவிட எப்போது நிறுத்துகிறோம் என்பதே முக்கியம். புதியவர்கள் அதைத்தான் பழகுவதில்லை.

பாட்டின் கார்டுகள் சி, ஜி, ஏ மைனர், எஃப் என்று எடுத்துக்கொள்ளுங்கள். சி என்பது ஏ கம்பியில் (ஈ-க்கு அடுத்தது) 3-ஆம் ஃப்ரெட். மற்ற மூன்றும் ஈ கம்பியில்: ஜி 3, ஏ 5, எஃப் 1. மெட்ரோனோம் (தாளம் தட்டும் கருவி) 60-இல் ஒவ்வொன்றையும் நான்கு தட்டு, ஆள்காட்டி விரலும் நடுவிரலும் மாறிமாறி. நிறுத்த, இடது விரலைத் தளர்த்தினால் போதும். கம்பியை விட்டுத் தூக்கினால் திறந்த கம்பி முனகும். ஏ கம்பியை மீட்டும்போது வலது கட்டைவிரல் ஈ கம்பிமேல் சாய்ந்திருக்கட்டும். மெல்லிய கம்பிகளை இடது ஆள்காட்டி விரலின் அடிப்பக்கம் லேசாகத் தொட்டு அடக்கும். டிரம்ஸ் இருந்தால் கிக்கோடு (காலால் மிதிக்கும் பெரிய டிரம்) சேர்ந்தே விழுங்கள், அலங்காரம் பிறகு.

சாரல் தொடங்கியதும் கம்பி உயர்ந்துவிட்டது. அழுத்தவே முடியவில்லை. (தென்காசி)

ஈரத்தில் மரம் ஊதி, நெக் (கழுத்து) முன்னே வளைந்திருக்கும். சுருதி சேர்த்தபின் ஈ கம்பியை முதல் ஃப்ரெட்டிலும் கடைசி ஃப்ரெட்டிலும் அழுத்தி, 7-ஆம் ஃப்ரெட்டில் இடைவெளி பாருங்கள். விசிட்டிங் கார்டு நுழையும் அளவு, சுமார் 0.3 மி.மீ., சரி. அதிகமானால் ட்ரஸ் ராடை (நெக்குக்குள் ஓடும் இரும்புத் தண்டு) வலப்பக்கம் கால் சுற்று இறுக்குங்கள். மறுபடி சுருதி சேர்த்து, மறுநாள் பாருங்கள். அளவு பொருந்தாத ஆலன் கீ (அறுகோணச் சாவி) ராடின் நட்டைத் தேய்த்துவிடும். இறுகிக் கிடந்தால் பலம் காட்டாமல் ரிப்பேர் செய்பவரிடம் கொடுங்கள். சித்திரை வெயிலில் இதற்கு நேர்மாறு: நெக் பின்னே போய், ஆரம்ப ஃப்ரெட்டுகள் கிரீச்சிடும். அப்போது இடப்பக்கம் தளர்த்த வேண்டும்.

சாதாரண கிதார் ஆம்ப் போதுமா? (நாங்குநேரி)

வீட்டில் மெதுவாக வாசிக்கப் போதும். சத்தம் கூட்டினால் ஸ்பீக்கர் கிழியலாம். கீபோர்டு ஆம்ப் கிடைத்தால் அது மேல்.