தணிக்கை அலுவலகத்துக்கு மக்கள் தொடர்பு எதற்கு?

அரசின் கணக்கைச் சரிபார்க்கும் அலுவலகத்துக்கு மக்கள் தொடர்புத் தலைவர் எதற்கு என்று பலரும் கேட்கிறார்கள். தணிக்கையில் கண்டதை எல்லோருக்கும் புரியும்படி எடுத்துச் சொல்வதே அவர் வேலை. சிஏஜி எனப்படும் இந்தியத் தலைமைக் கணக்குத் தணிக்கையாளருக்கு யாரையும் தண்டிக்கும் அதிகாரம் கிடையாது; கையில் இருப்பது அறிக்கை மட்டுமே. பக்கம் பக்கமாகக் கோடிகளும் விதி எண்களும் நிறைந்த அதை யாரும் படிக்காவிட்டால் அத்தனை உழைப்பும் வீண்.

ரத்தப் பரிசோதனைச் சீட்டை நினைத்துப் பாருங்கள். எண்கள் எல்லாம் அதில் இருக்கும். ஆனால் "சர்க்கரை கூடியிருக்கிறது அம்மா" என்று ஒருவர் சொன்ன பிறகுதான் காப்பியில் சர்க்கரையைக் குறைக்கிறோம்.

அரசமைப்பின் 151-ஆவது பிரிவின்படி, அறிக்கை குடியரசுத் தலைவரிடமோ ஆளுநரிடமோ அளிக்கப்பட்டு, பிறகு நாடாளுமன்றம் அல்லது சட்டமன்ற அவையில் வைக்கப்படுகிறது. அதற்கு முன் அந்த அலுவலகம் வாய் திறக்காமல் இருப்பதை மூடிமறைப்பு என்று பலர் நினைக்கிறார்கள். அது மூடிமறைப்பு அல்ல; அறிக்கையை முதலில் பார்க்க அவைக்கு உள்ள உரிமையை மதிப்பது.