தாருக்கு 33 இன்ச் டயர்: கார்டு இ.எம்.ஐ.யில் போடலாமா?

கேள்வி: கோவையில் ஐ.டி. கம்பெனியில் வேலை பார்க்கிறேன். வயது 31. கைக்கு வரும் சம்பளம் 78,000 ரூபாய். 2021 மாடல் மஹிந்திரா தார் எல்.எக்ஸ். டீசல் வைத்திருக்கிறேன். கார் லோன் இ.எம்.ஐ. 22,400, இன்னும் இரண்டரை வருடம் பாக்கி. வாடகை 15,000, வீட்டுச் செலவு 22,000, எஸ்.ஐ.பி. 8,000. சேமிப்புக் கணக்கில் 70,000 இருக்கிறது. ஏப்ரலில் 90,000 அளவுக்கு போனஸ் வரும். நண்பர்களோடு மாதம் ஒருமுறை ஆஃப்-ரோடு போவோம். எங்கள் குழுவில் என் வண்டி மட்டும்தான் கம்பெனி டயரில் ஓடுகிறது. 285/70 ஆர் 17 டயர் நான்கு, அதற்கு அலாய் நான்கு, வண்டியை 2 இன்ச் தூக்கும் லிஃப்ட் கிட், கூலி எல்லாம் சேர்த்து கடையில் 1,85,000 சொல்கிறார்கள். கிரெடிட் கார்டில் 24 மாத இ.எம்.ஐ., 16% வட்டி. இப்போதுள்ள டயர் 42,000 கி.மீ. ஓடிவிட்டது. மனைவிக்கு இதில் இஷ்டமில்லை. போடலாமா, சார்?

பதில்: கார்டு இ.எம்.ஐ.யில் வேண்டாம். டயர் மாற்றுவதையே வேண்டாம் என்று சொல்லவில்லை. 42,000 கி.மீ. ஓடிய டயரை அடுத்த ஒரு வருடத்துக்குள் எப்படியும் மாற்றித்தான் ஆக வேண்டும். அதனால் உங்கள் முன்னால் இருப்பது "1,85,000 செலவா, செலவே இல்லையா" என்ற கணக்கு இல்லை. இப்போது வண்டியில் இருக்கும் அதே 255/65 ஆர் 18 அளவில், ரோட்டுக்கும் கரடுமுரடான பாதைக்கும் பொருந்தும் நல்ல ஆல்-டெரெய்ன் டயர் நான்கு வாங்கினால் சுமார் 56,000 ஆகும் என்று வைத்துக்கொள்வோம். அதற்கும் கடைக்காரர் சொல்லும் தொகைக்கும் இருக்கும் வித்தியாசத்தைத்தான் நீங்கள் பெரிய டயருக்காகக் கொடுக்கிறீர்கள்.

அந்த வித்தியாசம் 1,29,000 என்று தோன்றும். அது சரியில்லை. கொட்டேஷனில் நான்கு டயர்தான் இருக்கிறது. பின்கதவில் தொங்கும் ஸ்டெப்னியைக் காணோம். சாதாரண காரில் ஸ்டெப்னி கொஞ்சம் சின்னதாக இருந்தாலும் பஞ்சர் கடை வரை சமாளித்துவிடலாம். 4 வீல் டிரைவில் அப்படி முடியாது. ஒரு சக்கரத்தின் விட்டம் மட்டும் 4 செ.மீ. குறைந்தால் ஒரே தூரத்துக்கு அது மற்றவற்றைவிட அதிகம் சுற்ற வேண்டும். நான்கு சக்கரத்துக்கும் விசை போகும் 4-ஹையிலோ 4-லோவிலோ போட்டால், அந்த முறுக்கல் முழுக்க விசையைச் சக்கரங்களுக்குப் பிரித்துக் கொடுக்கும் டிஃபரன்ஷியல், டிரான்ஸ்ஃபர் கேஸ் தலையில் விழும். அதுவும் பஞ்சர் ஆவது பெரும்பாலும் சரளையிலும் பாறையிலும்தானே, அங்கேதான் உங்களுக்கு 4 வீல் வேண்டும். ஆக ஐந்தாவது டயரும் அலாயும் கட்டாயம். டயர் 21,000, அலாய் 13,500 என்று எடுத்துக்கொண்டால் 34,500 கூடுகிறது. மொத்தம் 2,19,500. அதில் எப்படியும் செலவாகப்போகும் 56,000ஐக் கழித்தால் 1,63,500. உங்கள் ஆசையின் உண்மையான விலை இதுதான்.

இந்த விலைக்கு என்ன கிடைக்கிறது? 255/65 ஆர் 18 டயரின் விட்டம் சுமார் 789 மி.மீ. 285/70 ஆர் 17 என்றால் 831 மி.மீ.; கடையில் 33 இன்ச் என்று சொல்வது இதைத்தான். விட்டம் 42 மி.மீ. கூடினாலும் அச்சு உயர்வது அதில் பாதிதான், 21 மி.மீ. பாறை மேல் ஏறும்போது பின் டிஃபரன்ஷியலுக்கு அடியில் கூடுதலாகக் கிடைப்பது ஒரு விரல் தடிமன். லிஃப்ட் கிட் பாடியைத் தூக்கும். பின் ஆக்ஸிலைத் தூக்காது. இதைக் கடையில் யாரும் எடுத்துச் சொல்வதில்லை, பார்ப்பதற்கு வண்டி அவ்வளவு கம்பீரமாக நிற்பதால் நாமும் கேட்பதில்லை. மணலிலும் சேற்றிலும் அகலமான டயர் உதவும் என்பதை மறுக்கவில்லை. ஆனால் அதே உதவியில் பெரும் பங்கைக் காற்றைக் குறைத்தே வாங்கிவிடலாம். அந்தக் காற்று விஷயத்தைக் கீழே சொல்கிறேன்.

முதலில் கடன். 1,85,000 ரூபாய்க்கு 16% வட்டியில் 24 மாதம் என்றால் தவணை சுமார் 9,060. மொத்த வட்டி 32,400 ரூபாய்க்குக் கொஞ்சம் குறைவு. கார்டு இ.எம்.ஐ.யில் அந்த வட்டிக்கு மேல் 18% ஜி.எஸ்.டி. உண்டு, அது 5,800. பிராசஸிங் கட்டணம் தனி. ஆக 38,000க்கு மேல் வட்டிக்கே போகிறது. ஸ்டெப்னிக்கு வேண்டிய டயரும் அலாயும் அந்தப் பணத்தில் வந்துவிடும். "நோ-காஸ்ட் இ.எம்.ஐ." என்று யாராவது சொன்னால், ரொக்கமாகக் கொடுத்தால் எவ்வளவு குறைப்பீர்கள் என்று கேட்டுப் பாருங்கள். வட்டி எங்கே ஒளிந்திருக்கிறது என்பது தெரிந்துவிடும்.

உங்கள் மாதக் கணக்கைப் பார்ப்போம். லோன், வாடகை, வீட்டுச் செலவு, எஸ்.ஐ.பி. எல்லாம் சேர்ந்து 67,400. மிச்சம் 10,600. அதில் 9,060 போனால் கையில் 1,500 ரூபாய். அதிலும் கிட்டத்தட்ட பாதியை டீசல் குடித்துவிடும், எப்படி என்று கீழே சொல்கிறேன். சம்பளத்தில் கடன் தவணையின் பங்கு இப்போது 29%, டயர் இ.எம்.ஐ. சேர்ந்தால் 40%. இதைவிட எனக்குக் கவலை தருவது அந்த 70,000. எஸ்.ஐ.பி.யை விட்டுவிட்டுப் பார்த்தாலும் உங்கள் வீடு ஓட மாதம் 59,400 வேண்டும். வேலை போனால் ஐந்து வாரம்தான் தாங்கும். ஐ.டி.யில் இருப்பவருக்கு நான் இதை விளக்க வேண்டியதில்லை.

அடுத்து, பில் போட்ட பிறகு வரும் செலவுகள். கொட்டேஷனில் வராதவை இவை.

டீசல்: டயர் கனமானது, அகலமானது, லிஃப்டால் காற்றின் எதிர்ப்பும் கூடும். 12 கி.மீ. கொடுத்த வண்டி 11 கொடுத்தால், வருடம் 12,000 கி.மீ. ஓட்டத்துக்கு 91 லிட்டர் அதிகம். லிட்டர் 93 ரூபாய் என்று வைத்தால் 8,400 சொச்சம், மாதம் 700. இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. டயர் 5% பெரிதானால் ஓடோமீட்டர் குறைத்துக் காட்டும், 10,000 கி.மீ. ஓடியிருந்தால் சுமார் 9,500 என்றுதான் பதிவாகும். நீங்கள் டேங்க் நிரப்பி மைலேஜ் கணக்குப் போட்டு 10.5 வந்தால் உண்மையில் அது 11. "பெரிய டயர் போட்டேன், மைலேஜ் அதல பாதாளத்துக்குப் போச்சு" என்று புலம்புவோரில் பலர் இந்த 5% திருத்தத்தைப் போட்டிருக்க மாட்டார்கள். ஸ்பீடோமீட்டரும் அப்படியே: 100 காட்டும்போது 105இல் போவீர்கள். கம்பெனி மீட்டர்கள் வழக்கமாகக் கொஞ்சம் கூட்டியே காட்டுவதால் இது ஓரளவு ஈடுகட்டும். அதை நம்பி வேகக் கேமரா முன்னால் போகாதீர்கள்.

டயர் தேய்மானம்: கம்பெனி அளவில் நான்கு டயர் 56,000, 50,000 கி.மீ. வந்தால் கி.மீ.க்கு 1 ரூபாய் 12 காசு. பெரிய டயர் நான்கு 84,000. முரட்டு கட்டைகள் உள்ள டயர் தார் ரோட்டில் சீக்கிரம் தேயும், 40,000 என்று வைத்தால் 2 ரூபாய் 10 காசு. வித்தியாசம் கிட்டத்தட்ட 1 ரூபாய், வருடத்துக்கு 12,000. நீங்கள் ஆஃப்-ரோடு போவது மாதம் ஒருநாள். மீதி நாள் முழுக்க அவிநாசி ரோட்டில்தான் இந்தத் தேய்மானம் நடக்கும்.

பிறகு உதிரி பாகங்கள். இந்தத் தாரின் முன்பக்கம் இண்டிபெண்டன்ட் டபுள் விஷ்போன் சஸ்பென்ஷன், அதாவது இரண்டு சக்கரமும் தனித்தனியாக ஏறி இறங்கும். 2 இன்ச் தூக்கினால் டிரைவ் ஷாஃப்ட் சாய்ந்த கோணத்தில் சுழலும். பூட், ஜாயின்ட், பால் ஜாயின்ட், வீல் பேரிங் எல்லாம் சீக்கிரம் பணம் கேட்கும். கனத்த சக்கரத்தை நிறுத்த பிரேக்கும் கூடுதலாக உழைக்கும். எக்ஸ்டெண்டட் வாரண்டி எடுத்திருந்தால், இந்தப் பகுதிகளில் கோளாறு வரும்போது சர்வீஸ் சென்டர் முதலில் பார்ப்பது உங்கள் டயரைத்தான். இதற்கு நான் தொகை போடவில்லை. டீசலும் தேய்மானமும் மட்டுமே வருடம் 20,000ஐத் தாண்டிவிட்டது, அது போதும்.

சட்டம். மோட்டார் வாகனச் சட்டம் 1988இன் 52ஆவது பிரிவு, தயாரிப்பாளர் கொடுத்த விவரத்திலிருந்து மாறும்படி வண்டியை மாற்றக்கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதையே உறுதியாகச் சொன்னது. அதே வருடம் வந்த திருத்தத்தில், அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும் என்று 182ஏ பிரிவு வந்தது. தேய்ந்த டயருக்குப் பதில் அதே அளவில் வேறு கம்பெனி டயர் போடுவதில் சிக்கல் இல்லை. கம்பெனி உங்கள் மாடலுக்குச் சொல்லாத அளவு, வீல் ஆர்ச்சுக்கு வெளியே பிதுங்கும் டயர், தூக்கிய சஸ்பென்ஷன் மூன்றும் சேர்ந்தால் கண்ணில் படாமல் போகாது.

"போலீஸ் எல்லாம் கேட்கமாட்டாங்க சார்" என்று கடையில் சொல்வார்கள். கேட்காமலே போகலாம். இன்சூரன்ஸ் சர்வேயர் கேட்பார். விபத்துக்குப் பிறகு வண்டியைப் பார்க்க வருபவருக்கு, டயர் பக்கவாட்டில் அச்சடித்திருக்கும் எண்ணைப் படிக்க ஒரு நிமிடம் போதும். சொல்லாமல் செய்த மாற்றத்தைக் காட்டி சொந்த வண்டி சேதத்துக்கான கிளெய்மைக் குறைக்கவோ மறுக்கவோ கம்பெனிக்கு வழி இருக்கிறது. பாகங்களுக்குத் தேய்மானம் கழிக்காத ஜீரோ டெப்ரிசியேஷன் பாலிசி எடுத்திருந்தாலும் அது இதற்கு மருந்தில்லை. லோன் பாக்கி இருக்கும் வண்டியில் இந்த ஆபத்து இரட்டிப்பு. வண்டி நொறுங்கிக் கிடந்தாலும் 22,400 மாதாமாதம் போய்க்கொண்டுதான் இருக்கும்.

இப்போது காற்று விஷயம். வழக்கமாக 30 பி.எஸ்.ஐ.க்கு மேல் வைத்து ஓட்டும் டயரை, மணலிலும் சேற்றிலும் 18 முதல் 20 வரை இறக்கினால் டயர் தரையில் பரந்து உட்காரும், பிடிமானம் பெரிதும் கூடும். வேகத்தைக் குறைத்து ஓட்ட வேண்டும், திரும்ப ரோட்டுக்கு வரும்முன் காற்றை ஏற்றிவிட வேண்டும். அதற்கு நல்ல ஒரு கம்ப்ரெஸர், ஒரு பிரஷர் கேஜ் போதும். அவற்றோடு இழுவைக் கயிறு, அதை மாட்டும் ஷாக்கிள், சிக்கினால் சக்கரத்தடியில் வைக்கும் டிராக்ஷன் போர்டு எல்லாம் சேர்த்தாலும் 20,000க்குள் முடித்துவிடலாம். குழுவில் 33 இன்ச் போட்ட நண்பர் 32 பி.எஸ்.ஐ.யில் சேற்றில் சுற்றிக்கொண்டிருக்கும்போது, காற்றை இறக்கிய கம்பெனி டயர் வண்டி ஏறிப் போவதைப் பார்த்தவர்கள் உண்டு.

நான் சொல்லும் வழி: எஸ்.ஐ.பி.யைத் தொடாதீர்கள். மாதம் மிஞ்சும் 10,600இல் 9,000ஐ அவசர நிதிக்கென்று ஆர்.டி.யில் போடுங்கள். ஏப்ரல் போனஸில் 56,000க்கு அதே அளவில் நல்ல ஆல்-டெரெய்ன் டயர் நான்கு. மீதி 34,000 அவசர நிதிக்கு. நான்கு மாதச் செலவு என்றால் உங்களுக்கு 2,37,600 வேண்டும். இந்த வேகத்தில் ஒன்றரை வருடத்துக்குள் எட்டிவிடலாம். மீட்புச் சாமான்களை அதற்கிடையில் ஒவ்வொன்றாக வாங்கலாம். இரண்டரை வருடத்தில் கார் லோன் முடிந்ததும் மாதம் 22,400 விடுபடும். பத்து மாதம் அதை அப்படியே ஒதுக்கினால் 2,24,000. ஸ்டெப்னியோடு சேர்த்து முழு செட்டையும் ரொக்கத்தில் வாங்கலாம், அப்போதும் ஆசை இருந்தால். ஏப்ரலில் வாங்கும் டயரும் அதற்குள் பாதிக்கு மேல் தேய்ந்திருக்கும், வீணாகாது.

வீட்டுப் பஞ்சாயத்துக்கு நான் வரவில்லை. ஆனால் மனைவியிடம் 1,85,000 என்று மட்டும் சொல்லியிருந்தால், 2,19,500உம் வருடம் 20,000உம் சேர்த்துச் சொல்லிவிட்டுப் பேசுங்கள். பாதிக் கணக்குக்கு வாங்கும் சம்மதம் நிலைக்காது.

இவ்வளவுக்கும் பிறகு என்றைக்காவது போடுவதென்றால் மூன்று விஷயம். ஜி.எஸ்.டி. பில் இல்லாமல் வாங்காதீர்கள். டயரில் குறை வந்தால் பில்தான் பேசும். 2025 செப்டம்பர் 22 முதல் டயருக்கான ஜி.எஸ்.டி. 28%இலிருந்து 18% ஆகிவிட்டது. பழைய விலைப்பட்டியலை நீட்டினால் கேளுங்கள். பழைய வரியோடு 21,000 என்ற டயர் இப்போது 19,400க்குள் வர வேண்டும். கழற்றும் கம்பெனி அலாயை விற்காமல் வையுங்கள். வண்டியை விற்கும்போது வாங்க வருபவர் உங்கள் லிஃப்ட் கிட்டுக்குத் தனியாகப் பணம் தரமாட்டார், ஒரிஜினல் அலாய் இல்லையென்றால் விலையைக் குறைப்பார்.

மூன்றாவது, அட்வான்ஸ் கொடுக்கும் முன் இன்சூரன்ஸ் கம்பெனிக்கு மெயில் அனுப்புங்கள். வண்டி எண், பாலிசி எண், இப்போதைய டயர் அளவு, போடப்போகும் அளவு, லிஃப்ட் எத்தனை இன்ச் எல்லாம் எழுதி, "இந்த மாற்றத்தோடு பாலிசி தொடருமா, பாலிசியில் இதைப் பதிவு செய்து எண்டார்ஸ்மென்ட் தருவீர்களா" என்று கேளுங்கள். ஏஜென்ட் போனில் "ஒண்ணும் பிரச்சினை இல்லை" என்பதைப் பதிலாக எடுத்துக்கொள்ள வேண்டாம். எழுத்தில் முடியாது என்று வந்தால், அல்லது பதிலே வரவில்லை என்றால், கடைக்கு அட்வான்ஸ் கொடுக்காதீர்கள்.