வலைக்குள் இருக்கும் மிளகாய் ஏன் பூவை உதிர்க்கிறது?

கேள்வி: பினாங்கு பாலிக் புலாவில் வீட்டுக்குப் பின்புறம் 60 பாலிபேக்கில் மிளகாய் வைத்திருக்கிறேன். மேலே 70 சதவீதப் பச்சை நிழல்வலை. செடி இடுப்புயரம் வளர்ந்துவிட்டது, இலையும் கரும்பச்சை. ஆனால் பூ நிற்பதில்லை. யூரியாவைக் கூட்டலாமா?

பதில்: வேண்டாம். இலை கரும்பச்சையாக இருந்தால் யூரியா தரும் தழைச்சத்துக்குக் குறைவில்லை. உங்கள் செடிக்குப் பற்றாதது வெளிச்சம்.

செடியின் உணவு சர்க்கரை. உரம் அதற்குத் துணைப்பொருள்தான். பச்சையம் உறிஞ்சும் ஒளியில் முக்கியமானவை சிவப்பும் நீலமும். அந்த ஆற்றல் இலைக்குள் தண்ணீரைப் பிளக்கிறது, ஆக்சிஜன் வெளியேறுகிறது, ஏடிபி, என்ஏடிபிஎச் என்ற இரண்டு மூலக்கூறுகளில் ஆற்றல் ஏறுகிறது. இலைத்துளை வழியே நுழையும் கரியமில வாயு சர்க்கரையாவது இவற்றைச் செலவழித்துத்தான். இந்த இரண்டு மூலக்கூறுகளையும் செடியால் சேமித்து வைக்க முடியாது. வெளிச்சம் குறைந்த கணமே சர்க்கரை உற்பத்தியும் குறையும்.

கணக்குப் பாருங்கள். வெளிச்சத்தை அளக்கும் அலகு லக்ஸ். உச்சி வெயில் சுமார் 1,00,000 லக்ஸ் என்றால் வலைக்குள் 30,000. மேகம் மூடி வெளியே 20,000 ஆகும் நாளில் உள்ளே வெறும் 6,000. செடியோ இரவிலும் சுவாசித்துச் சர்க்கரையை எரிக்கிறது. வரவு பற்றாதபோது முதலில் கைவிடுவது பூவையும் பிஞ்சையும்தான். யூரியா போட்டால் மிச்சச் சர்க்கரையும் தளிருக்குப் போய்விடும், கூடவே அசுவினிப் பூச்சியும் வரும். பச்சை வலை சிவப்பு ஒளியையும் குறைப்பதால் தண்டு நீளுகிறது. வலை அவசியமென்றால் கறுப்பு வாங்குங்கள்.

வலையை ஒரே நாளில் எடுத்தால் மெல்லிய இலைகள் வெந்து வெளுக்கும். முதல் மூன்று நாள் காலை பத்து மணிவரை, அடுத்த மூன்று நாள் நண்பகல்வரை திறந்து வையுங்கள்; ஒரு வாரம், பத்து நாளில் முழுக்க எடுத்துவிடலாம். நாற்றுக்கு மட்டும் நிழல் போதும். மழைக்குப் பயந்து கட்டியிருந்தால் தெளிவான பாலித்தீன் கூரை போடுங்கள், பக்கங்களைத் திறந்து விடுங்கள், பாசி படிந்தால் கழுவுங்கள். தண்டு முதலில் இரண்டாகப் பிரியும் கவைக்குக் கீழுள்ள பக்கக் கிளைகளைக் கிள்ளிவிடுங்கள்.

வெயில் கூடினால் தண்ணீரும் கூட வேண்டும். பை காய்ந்தால் இலைத்துளை மூடிக்கொள்ளும், எவ்வளவு வெளிச்சம் இருந்தும் கரியமில வாயு உள்ளே போகாது. ஒரே தடவை ஊற்றாமல் நாளுக்கு நான்கைந்து முறை கொஞ்சம் கொஞ்சமாக விடுங்கள்.

அடியிலுள்ள முதிர்ந்த இலைகளில் நரம்பு பச்சையாக இருக்க இடைப்பகுதி மஞ்சளானால் மட்டும் மக்னீசியம் சல்பேட் லிட்டருக்கு 10 கிராம் கரைத்து மாலையில் தெளியுங்கள். பச்சைய மூலக்கூறின் நடுவில் இருப்பது மக்னீசியம்தான். உங்கள் செடியில் இப்போதைக்கு அது தேவைப்படாது என்றே நினைக்கிறேன்.

பழைய இலை தடிப்பாகாது. தண்டில் இலை முளைக்கும் இடங்களான கணுக்கள், புதிதாக வருபவை, நெருங்கியிருக்கின்றனவா என்று பாருங்கள். நெருங்கியிருந்தால் அடுத்து வரும் பூக்கள் நிற்கும்.